ஒன்பது கஜம் நீளப் படகு

வாசகிகளே, இந்தத் தடவை ரசப்பொடியும் கிடையாது, பிள்ளைச் சளிக்குக் கஷாயமும் கிடையாது. படகைப் பற்றி எழுதப் போகிறேன். 'இவளுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். என் அக்கா மகளால் வந்த சம்பந்தம்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வயது பத்தொன்பது. ஒன்றரை வருஷமாகத் துடுப்புப் படகு வலிக்கிறாள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து போவாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து இட்லி காணாமல் போய்விடும். அப்படிச் சாப்பிட்ட பெண், போன வருஷம் திடீரென்று இரண்டு இட்லியோடு எழுந்திருக்க ஆரம்பித்தாள். என்னடி சமாசாரம் என்று கேட்டால், போட்டி அட்டவணையை எடுத்து என் மடியில் போட்டாள். அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது: எல்.டபிள்யூ. 2×.

எனக்கு அது அல்ஜீப்ரா மாதிரி இருந்தது. ஓட்டப் பந்தயம் என்றால் நூறு மீட்டர், நானூறு மீட்டர் என்று நமக்கே புரிந்துவிடும். இதில் எழுத்து, எண், கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வருகிறது. பத்தாவதில் கணக்குக்கு நான் வாங்கிய மார்க்கை இங்கே எழுதப்போவதில்லை. ஆனாலும் விடாமல் உட்கார்ந்து படித்தேன். இது தெரியாமல் பெண்ணைப் படகில் ஏற்றி அனுப்பக் கூடாது என்று பட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். படகுப் போட்டி என்றதும் நம் கண் முன்னால் வருவது ஆலப்புழைப் பாம்புப் படகுதான். புன்னமடை ஏரியில் நேரு கோப்பைக்காக 1952-லிருந்து நடக்கிறதே, அது. ஏறக்குறைய நூறு பேர் உட்கார்ந்து, பாட்டுக்குத் தகுந்தாற்போல் சின்னத் துடுப்பைத் தண்ணீரில் குத்திக் குத்தித் தள்ளுவார்கள். அவர்கள் படகு போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். துடுப்பு அவர்கள் கையில் மட்டும் இருக்கும், படகோடு சேர்ந்திராது. நான் சொல்ல வந்த ரோயிங் வேறு. இதில் வலிப்பவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கை ஒன்றில் துடுப்பு மாட்டியிருக்கும். உட்காரும் பலகைக்கு அடியில் சக்கரம் உண்டு. தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி முன்னும் பின்னும் நகரும். பார்ப்பவர்களுக்குக் கையால் இழுக்கிற விளையாட்டு போலத் தெரியும். ஆனால் பெரும்பகுதி வேலை காலுக்குத்தான். காலை உதைத்து நீட்டும்போதுதான் படகு பாயும்.

இப்போது அந்த அட்டவணைக்கு வருவோம். முதலில் வரும் எழுத்து, யார் வலிக்கிறார்கள் என்பதைச் சொல்லும். டபிள்யூ என்றால் பெண்கள், எம் என்றால் ஆண்கள். அதற்கு முன்னால் ஜே இருந்தால் ஜூனியர், பி இருந்தால் இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டவர்கள், எல் இருந்தால் லைட்வெயிட். அப்புறம் வரும் எண், எத்தனை பேர் வலிக்கிறார்கள் என்பது. கடைசியில் உள்ள குறிதான் சூட்சுமம். பெருக்கல் குறி போட்டிருந்தால் ஆளுக்கு இரண்டு துடுப்பு, கைக்கு ஒன்று. இதை ஸ்கல் என்கிறார்கள். பெருக்கல் குறி இல்லையென்றால் ஆளுக்கு ஒரே துடுப்பு, அதை இரண்டு கையாலும் பிடித்து வலிக்க வேண்டும். இதற்கு ஸ்வீப் என்று பெயர். கூட்டல் குறி இருந்தால் படகில் வலிக்காத ஆள் ஒருவர், காக்ஸ் என்பவர், இருக்கிறார் என்று அர்த்தம். கழித்தல் குறி இருந்தால் அவர் இல்லை. அவ்வளவுதான். ரேஷன் கார்டில் போட்டிருக்கும் குறிகளைவிட இது சுலபம்.

ஆக, டபிள்யூ 1× என்றால் ஒற்றைப் பெண், இரண்டு துடுப்பு. 2× இருவர், நாலு துடுப்பு. 4× நால்வர், எட்டுத் துடுப்பு. இதைக் குவாட் என்பார்கள். 2− என்றால் இரண்டு பேர், இரண்டே துடுப்பு. ஒருத்தி இடது பக்கம், ஒருத்தி வலது பக்கம். இருப்பதிலேயே பேதம் காட்டுகிற படகு இதுதான் என்கிறாள் எங்கள் பெண். ஒருத்தி கொஞ்சம் கூட இழுத்தாலும் படகு கோணிக்கொண்டு போய்விடுமாம். மாமியார் மருமகள் சமையலறை மாதிரி என்று நான் சொன்னேன். 2010-ல் குவாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஒடிசாவைச் சேர்ந்த பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் என்ற இரண்டு பெண்கள் வெண்கலம் வாங்கியது இந்த 2− படகில்தான். நம் தேசத்துப் பெண்கள் துடுப்புப் படகில் ஆசியப் பதக்கம் வாங்குவது அத்தனை சாதாரணமாக நடக்கிற விஷயம் இல்லை. அந்தச் செய்திக்குப் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

நால்வர் படகு ஸ்வீப்பில் 4−, 4+ என்று இரண்டு விதமாகவும் உண்டு. எட்டுப் பேர் படகு எப்போதும் 8+ தான். அத்தனை நீளத்தையும் வேகத்தையும் காக்ஸ் இல்லாமல் சமாளிக்க முடியாது.

நீளம் என்றதும் நினைவு வருகிறது. ஒற்றை ஆள் படகின் நீளம் ஏறக்குறைய 8.2 மீட்டர். சரியாக நம் ஒன்பது கஜப் புடவை! அதை அப்படியே தரையில் விரித்துப் போட்டால் அதுதான் படகின் நீளம். அகலமோ ஒரு முழம்கூட இல்லை. போட்டிச் சட்டப்படி எடை 14 கிலோவுக்குக் குறையக் கூடாது. நம் வீட்டு காஸ் சிலிண்டருக்குள் அடைத்திருக்கும் காஸ் மட்டுமே 14.2 கிலோ. அப்படியென்றால் படகு எவ்வளவு லேசு என்று பாருங்கள்! இருவர் படகுக்கு 27 கிலோ, குவாடுக்கு 52, எட்டுப் பேர் படகுக்கு 96. எட்டுப் பேர் படகு இரண்டு ஒன்பது கஜம் சேர்த்த நீளம் வரும். அதைப் பெண்களே தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கும் தண்ணீருக்கும் நடப்பார்கள்.

இவ்வளவு லேசாக, ஒடுக்கமாக இருந்தால் கவிழாதா என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். ஒற்றைப் படகு கவிழும். கற்றுக்கொள்ளும் காலத்தில் பல தடவை கவிழும். அதனால் நீச்சல் தெரியாத பெண்ணை இதில் சேர்க்கவே கூடாது. காலணி படகோடு சேர்த்துத் தைத்தாற்போல் இருக்கும். கவிழ்ந்தால் கால் மாட்டிக்கொள்ளாமல் சட்டென்று விடுபட, குதிகாலில் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். படகின் மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு ரப்பர் உருண்டை இருக்க வேண்டும். இன்னொரு படகில் இடித்தால் ஆளைக் குத்தாமல் இருப்பதற்கு அது. நீங்கள் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தில் இந்த இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலிப்பவர்கள் எல்லாரும் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க, முன்னால் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். சுக்கானைப் பிடிப்பார், தாளம் சொல்வார், 'இன்னும் பத்து வலி, விடாதே' என்று அதட்டுவார். லேசான ஆளாக இருந்தால் படகுக்கு நல்லது. அதற்காக எலும்பும் தோலுமாக யாரையாவது உட்கார வைத்துவிடக் கூடாது என்று குறைந்தபட்ச எடை 55 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் பக்கத்தில் மணல் மூட்டை போன்ற கனத்தை வைக்க வேண்டும்; அதுவும் 15 கிலோவுக்கு மேல் கூடாது. இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாலந்து நாட்டுக்காரர்கள் இருவர், தங்களுடைய காக்ஸ் கனமாக இருக்கிறார் என்று இறக்கிவிட்டுவிட்டு, பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு முதல் பரிசு வாங்கினார்கள். அந்தப் பையன் யார் என்பது பெரிய புதிராகவே போய்விட்டது. பையனைக் காணோம் என்று அவன் அம்மா எந்தத் தெருவில் தேடிக்கொண்டிருந்தாளோ!

அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் படகே கிடையாது. பெண்களுக்கு ரோயிங் வந்தது 1976-ல், மான்ட்ரியலில். ஆண்கள் 2000 மீட்டர் வலித்தார்கள். பெண்களுக்கு 1000 மீட்டர் போதும் என்று பாதியாக வெட்டிக் கொடுத்தார்கள். 1988 சியோலில்தான் நமக்கும் 2000 மீட்டர். ஆண்களுக்கு எத்தனை போட்டியோ பெண்களுக்கும் அத்தனை என்று ஆனது டோக்கியோவில். 2020-க்கென்று வைத்து 2021-ல் நடந்ததே, அதில். நிறை மாதம் வரை தண்ணீர்க் குடம் தூக்கின நம் பாட்டிகளிடம் போய் '1000 மீட்டர்தான் தாங்கும்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இனி அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். எல் என்ற எழுத்துத்தான் எங்கள் வீட்டில் இட்லியைக் குறைத்தது.

துடுப்புப் படகில் உயரமும் கனமும் உள்ளவர்களுக்கு அனுகூலம் அதிகம். கை கால் நீளமாக இருந்தால் ஒவ்வொரு வலியிலும் படகு கூடுதல் தூரம் போகும். ஆறடிப் பெண்கள் சர்வசாதாரணமாக இருக்கிற நாடுகளோடு, ஐந்தேகால் அடிப் பெண்கள் இருக்கிற நாடுகள் எப்படிப் போட்டி போடும்? அதனால் லைட்வெயிட் என்று தனிப் பிரிவு வைத்தார்கள். பெண்களில் யாரும் 59 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. குழுவாக வலித்தால் சராசரி 57-க்கு மேல் போகக் கூடாது. ஆண்களுக்கு 72.5 கிலோ, சராசரி 70. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. நம்மவர்களுக்கும் இது உதவியிருக்கிறது. அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இருவரும் டோக்கியோவில் லைட்வெயிட் இருவர் படகில் பதினோராவது இடத்துக்கு வந்தார்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023-ல், வெள்ளி வாங்கினார்கள்.

நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான். ஆனால் எடைத் தட்டை வைத்துவிட்டால் மனுஷ புத்தி என்ன செய்யும்? இயற்கையாகவே 57 கிலோ இருக்கிற பெண்களுக்காக வைத்த இடத்தில், 62, 63 கிலோ பெண்கள் பட்டினி கிடந்து நுழையப் பார்ப்பார்கள். எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முடிந்துவிடும். அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காமல், கம்பளி உடுப்பு மாட்டிக்கொண்டு ஓடி வேர்க்க வைத்து, எடை பார்த்தபின் அவசர அவசரமாகக் குடித்துவிட்டுப் படகில் ஏறுகிற வழக்கம் வெளிநாடுகளில் நெடுநாளாக இருந்திருக்கிறது.

எங்கள் பெண் ஐந்தடி ஏழங்குலம், 63 கிலோ. அவளுடைய கோச், "அஞ்சு கிலோதானம்மா, இறக்கிட்டா லைட்வெயிட்ல மெடல் உன் கையில" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து கிலோ 'தான்'! கறிகாய்க் கடையில் வெங்காயம் நிறுத்துக் கொடுக்கிற மாதிரி. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் அவரும்தான் எழுந்து வருகிறார். பதக்கக் கணக்கு பார்ப்பவர்களுக்கு அந்த ஐந்து கிலோ ஒரு எண். நமக்கு அது பெண்ணின் உடம்பு.

இதில் பெரிய வேடிக்கை, என் அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "இளைச்சா நல்லதுதானேடி. இன்னும் ரெண்டு வருஷத்தில வரன் பார்க்கணும்" என்றாள். நான் சொன்னேன், "அக்கா, மாசாமாசம் அவளுக்குச் சரியா வருதான்னு கேட்டியா?" அக்கா கேட்டிருக்கவில்லை. கூப்பிட்டு விசாரித்தால், இரண்டு மாதமாக வரவில்லையாம். "எக்ஸர்சைஸ் பண்ணா அப்படித்தான் சித்தி ஆகும், எல்லாருக்கும் ஆகுது" என்கிறாள், ஜலதோஷம் பிடித்த மாதிரி.

மறுநாளே லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் சொன்னதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு செலவழிக்கிற சக்திக்குத் தக்க ஆகாரம் போகவில்லையென்றால், அது முதலில் மிச்சம் பிடிக்கிற இடங்களில் ஒன்று மாதவிலக்கு. மாதவிலக்கு நிற்கும்போது எலும்புக்குக் காவலாக இருக்கிற ஹார்மோனும் குறைகிறது. எலும்பு நன்றாகக் கெட்டிப்படுகிற வயதே இருபதை ஒட்டித்தான். அந்த வயதில் விட்டதைப் பிற்பாடு முழுக்க ஈடு கட்டுவது கஷ்டம். துடுப்பு வலிப்பவர்களுக்கு விலா எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு. நடுமுதுகு, இடுப்பு வலியும் உண்டு. பட்டினியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். இந்தக் கோளாறு முழுவதற்கும் சேர்த்து 2014-ல் ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், ஆண்களுக்கும் வருமாம். மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் நாள் கடத்தாமல் காட்ட வேண்டும், விளையாடுகிற பெண்ணாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே காட்டுவது நல்லது என்றார் டாக்டர். ரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைந்திருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார். மற்றதற்கு மருந்து சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்காரரும் நானும் கோச்சிடம் போய்ப் பேசினோம். சண்டை போடவில்லை. நான் படித்ததைச் சொன்னேன்: உலக ஜூனியர் போட்டியில் லைட்வெயிட் என்ற பிரிவே கிடையாது, வளர்கிற பிள்ளைகளை எடைக்காக வாட்டக் கூடாது என்பதால். ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ்தான் அதற்குக் கடைசி. 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்துக்குக் கடற்கரைப் படகுப் போட்டி வருகிறது. மணலில் ஓடிவந்து படகில் ஏறி, கடலில் போய் மிதவையைச் சுற்றித் திரும்பி, மறுபடி மணலில் ஓட வேண்டும். அதற்கு எடைப் பிரிவு எதுவும் இல்லை. அப்படியிருக்க, இந்த ஐந்து கிலோவை இறக்கி எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறோம்? கோச் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிங்கம்மா, ஓப்பன்ல குவாட்ல போடறேன்" என்றார்.

ஓப்பன் என்றால் எடை பார்க்காத பிரிவு. குவாடில் மூக்குப் பக்க இடத்தில் பெரும்பாலும் லேசான, நுணுக்கம் தெரிந்த ஆளைத்தான் உட்கார வைப்பார்கள், நடுவில் பலசாலிகள். எங்கள் பெண் முதலாம் இடத்தில், அதாவது மூக்கில். எண்கள் மூக்கிலிருந்து ஆரம்பிக்கும். பின்பக்கம் கடைசியாக உட்காருகிறவள்தான் தாளம் வைப்பவள், அவளுக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். குவாடில் காக்ஸ் இல்லாததால் ஒருத்தி காலணியிலேயே சுக்கான் கயிறு இருக்கும்; பாதத்தைத் திருப்பினால் படகு திரும்பும். அந்த வேலையும் இவளுக்கு வந்தது.

அந்தக் கல்லூரிப் போட்டியில் நாலாவதாக வந்தார்கள். பதக்கம் இல்லை. எல்.டபிள்யூ. 2×-ல் இவள் தோழிகள் இருவர் வெள்ளி வாங்கினார்கள். அவர்கள் இயற்கையாகவே ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு கிலோ இருக்கிற பெண்கள், நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு அது சரியான இடம். இவள் அன்று ராத்திரி அழுதாள், நானும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாதம் மாதவிலக்கு வந்தது. அக்கா ரகசியமாகப் பாயசம் வைத்தாள்.

இப்போது அவளுடைய சாப்பாடு: பயிற்சிக்குப் போகுமுன் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். வந்ததும் இட்லியோ பொங்கலோ வயிறு நிறைய, கூட முட்டை. வேர்த்துக் கொட்டுகிற நாட்களில் உப்புப் போட்ட நீர்மோர். முருங்கைக் கீரையும் கொண்டைக் கடலையும் வாரத்தில் மூன்று நாளாவது உண்டு. சாப்பாட்டோடு காப்பி, டீ கூடாது. இரும்புச் சத்து உடம்பில் சேராது. உள்ளங்கையில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாமல், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மேலே துணி சுற்றிவிடுகிறோம். அடையாற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1867-லிருந்து அங்கே படகு கிளப் இருக்கிறது என்றால் அது அந்தக் காலத்து அடையாறு. புண்ணோடு அந்தத் தண்ணீரில் கை நனைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஆறு பாதைகளில் ஆறு படகு போகும். முதல் சுற்றில் தோற்றவுடன் பெண் வெளியேறிவிட்டாள் என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று ஒன்று வைப்பதுண்டு. ரெபஷாஜ் என்று பிரெஞ்சில் பெயர். பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பல்ராஜ் பன்வர் முதல் சுற்றில் நாலாவதாக வந்து, இந்த மறுவாய்ப்பில் இரண்டாவதாக முந்திக் கால் இறுதிக்குப் போனார். இறுதிப் போட்டியும் ஒன்று மட்டும் இல்லை, ஏ, பி, சி, டி என்று இருக்கும். ஏ-யில் ஓடுகிற ஆறு பேருக்கு முதல் ஆறு இடம், பி-க்கு ஏழிலிருந்து பன்னிரண்டு, இப்படி. 2016 ரியோவில் தத்து போகனால் என்பவர் சி இறுதியில் முதலாவதாக வந்தார், ஆகவே பதின்மூன்றாம் இடம். நாசிக் ஜில்லாவில் தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த கிராமத்துக்காரர். பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் படகையே தொட்டார்.

கை கால் ஊனமுற்றவர்களுக்கும் பிரிவு இருக்கிறது. பி.ஆர். 1 என்றால் தோளும் கையும் மட்டும் பயன்படுத்துபவர்கள், பி.ஆர். 2 என்றால் இடுப்புக்கு மேல் உடம்பும் கையும், பி.ஆர். 3 என்றால் காலும் ஓரளவு உதவுகிறவர்கள். 2008-லிருந்து பாராலிம்பிக்கில் உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தச் செய்தியை அந்த வீட்டில் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கில் ஒரு விஷயம்: பிறந்த தேதி முக்கியமில்லை, பிறந்த வருஷம்தான் முக்கியம். பதினெட்டு முடிகிற வருஷத்தின் டிசம்பர் 31 வரை ஜூனியர். இருபத்திரண்டு முடிகிற வருஷக் கடைசி வரை, இருபத்துமூன்றுக்கு உட்பட்ட பிரிவு. இருபத்தேழு ஆகிறதோ இல்லையோ, மாஸ்டர்ஸ் ஆகிவிடலாம்! அதாவது மூத்தோர். அதில் மறுபடி ஏ-யிலிருந்து எழுத்து ஆரம்பிக்கிறது. 27-க்கு ஏ, 36-க்கு பி, 43-க்கு சி, 50-க்கு டி, 55-க்கு இ, 60-க்கு எஃப். அப்படியே எழுபது, எண்பது வரை போகிறது. குழுவாக வலித்தால் சராசரி வயதைப் பார்ப்பார்கள். இவர்களுக்கு 1000 மீட்டர்தான்.

இதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெண் எட்டிப் பார்த்து, "சித்தி, உங்களுக்கு நாற்பத்தாறு. நீங்க சி" என்றாள். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முதலில் நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியும். திருமணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கிணற்றில் குதித்தவள்தானே நான்.